வராத ராசாவுக்கு அரைப்பேர்

போன மாதம் பதுளையிலிருந்து நாலு இளைஞர்கள் என் வீட்டைத் தேடி வந்தார்கள். நாடகம் போடுகிற பிள்ளைகளாம். பயிற்சிப் பட்டறை ஒன்று வைக்கிறார்களாம். அதில் நான் வந்து பேச வேண்டுமாம். கையில் கொடுத்த தாளில் ‘மேடை அமைப்பில் உருவகத்தின் பங்கு’ என்று தலைப்பு போட்டிருந்தது. நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். தாளை இரண்டு தரம் படித்துவிட்டு, நீங்கள் தேடி வந்த சுப்பையா வேறு ஆளாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர்கள் விடுவதாக இல்லை. ஒரு பொருளை மேடையில் வைத்து அதைக் கொண்டு இன்னொரு பொருளைக் காட்டுவதுதான் உருவகம் என்று பொறுமையாக விளக்கினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் காலத்தில் அதற்கு வேறு பெயர், இல்லாமை.

மைக்கைப் பிடித்துப் பேச எனக்கு வராது. நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதிக் கொடுக்கிறேன், விருப்பமானவர்கள் படிக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அதுதான் இது.

அறுபத்தாறில் ஹனீபா முதலாளியின் சீன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஹாலிஎலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் பிறந்து, கொழுந்து நிறுக்கிற சத்தத்தில் வளர்ந்தவன். மலை ஏறி இறங்க முடியாதபடி ஒரு காலில் அடிபட்டதால் டவுனுக்கு வந்தேன். சீன் கடை என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தோட்டங்களில் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் நாடகம் போடுகிறவர்கள் வரைந்த திரைகளையும் கிரீடம், வாள், தாடி, டோப்பா எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்துப் போகும் கடை அது. திரையோடு ஒரு ஆளும் போக வேண்டும். கட்டி, ஏற்றி, இறக்கி, சுருட்டி, திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்த ஆள் நான். பண்டாரவளை, எல்ல, அப்புத்தளை, பசறை, கீழே மொனராகலை என்று நான் போகாத இடம் கிடையாது.

முதல் இரண்டு வருடத்தில் நான் கற்றதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். மூங்கிலில் திரையைச் சுருட்டும்போது இரண்டு கையும் ஒரே வேகத்தில் போக வேண்டும். முடிச்சு இழுத்தால் இறுகவும் தட்டினால் அவிழவும் வேண்டும். மற்றதெல்லாம் அடி வாங்கித் தெரிந்துகொண்டது, அதுவும் முதலாளி கையால் இல்லை, நாடகக்காரர்கள் கையால்.

முதலாளி கை நீட்டமாட்டார், குரலையும் உயர்த்தமாட்டார். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி, கக்கத்தில் எப்போதும் ஒரு குடை. சாதாரண நாளில் என்னை ‘வா, போ’ என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். ‘வாங்க சுப்பையா, உக்காருங்க’ என்று சொன்னாரென்றால் அன்றைக்கு நான் தொலைந்தேன். ஒவ்வொரு திரையும் வெளியூர் போய்த் திரும்பியதும் கடை முன்னால் விரித்துக் காட்ட வேண்டும். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை புறங்கையால் தடவிக்கொண்டே நடப்பார், எங்காவது ஈரம் பட்டால் நிற்பார். பிறகு குனிந்து மோந்து பார்ப்பார். எங்கள் ஊர் மூடுபனிக்குத் துணியில் பூஞ்சணம் பிடிக்க ஒரு ராத்திரி போதும். ஈரம் இல்லை, மணமும் இல்லை என்றால்தான் அந்துருண்டை போட்டுச் சுருட்ட அனுமதி. திரை தரையில் பட்டால் குழந்தை விழுந்த மாதிரி பதறுவார்.

எங்களிடம் இருந்தவை ஐந்து திரைகள். அரண்மனை, தெரு, காடு, நந்தவனம், சுடுகாடு. இந்த ஐந்துக்குள் அடங்காத கதை கதையே இல்லை என்பது முதலாளியின் கொள்கை. ஒரு முறை பசறையிலிருந்து வந்தவர்கள் தங்கள் கதையில் கடல் வருகிறது, கடலுக்கு என்ன செய்வது என்று கேட்டார்கள். முதலாளி யோசிக்கவே இல்லை.

“கடல் வேணுமெண்டா கடல் ஈக்கிற ஊருல போய் நாடகத்தப் போடுங்க. இது பதுள.”

அவருக்கு ஒரு பொருள் இன்னொரு பொருளாக வேடம் போடுவது பிடிக்காது. கண்ணால் கண்டால்தான் சனம் நம்பும், வரையாதது இல்லாதது என்பார். நாடகக்காரர்கள் காசு மிச்சம் பிடிக்க நந்தவனத்தைக் காடு என்று சொல்லி நடித்துவிட்டால், அது எப்படியாவது அவர் காதுக்கு வந்துவிடும். பொய் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு வாரம் மனம் கசந்திருப்பார். ராசா வேடம் போட்டவன் ராசா இல்லையே, அது பொய் இல்லையா என்று நான் கேட்டதற்கு, “அவனுக்குப் பின்னால அரமன ஈக்கே” என்றார். அதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது.

எழுபதுகள் பிறந்தன. எங்கள் திரைகளுக்குக் கண்டம் ஆரம்பித்தது.

திரையை வரைவது புளியங்கொட்டைப் பசையில் வண்ணப் பொடியைக் குழைத்து. அது எலிக்குப் பலகாரம். ஒரு மழைக்காலத்தில் அரண்மனையின் தூண்களையெல்லாம் எலி தின்று தீர்த்தது. தெருத் திரை பசறை பஸ்ஸின் கூரையில் மூன்று மணி நேரம் நனைந்தது. போகும்போது தெருவாகப் போனது, வரும்போது ஆறாக வந்தது. காட்டுத் திரை பழைய மடிப்புகளில் இற்றுப்போய், ஒரு நாடகத்தின் நடுவில் மரம் மரமாக விழுந்தது. சனம் அதையும் கதையில் சேர்த்துக்கொண்டு, புயல் நன்றாக இருந்தது என்றது.

நந்தவனம் போன கதைதான் எல்லாவற்றையும் மிஞ்சியது. மொனராகலையில் வெயில் நன்றாக அடிக்குமே என்று வேலியில் காயப்போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு மாடுகள் ஆறுதலாக நின்று பூச்செடிகளை நக்கித் தின்றுகொண்டிருக்கின்றன. மல்லிகைப் பந்தல் முழுக்கப் போயிருந்தது. ஒரு மயிலுக்குத் தலை மட்டும் மிச்சம். என்ன மரியாதை கிடைக்கப் போகிறதோ என்று நடுங்கிக்கொண்டே பதுளைக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். முதலாளி திரையை விரிக்கச் சொல்லி, மாடு நக்கிய இடத்தைப் புறங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் மெதுவாக ஒரு சந்தோஷம் பரவியது.

“பாத்தியா, மாடே நம்பியிரிக்கி” என்றார்.

புதுத் திரை வரைய வழியில்லை. துணி கூட்டுறவுச் சங்கக் கடையில் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. பாணுக்கு, அதாவது பேக்கரி ரொட்டிக்கு, விடிய முன் வரிசையில் நின்ற காலம். மனிதன் உடுக்கவே துணியில்லாதபோது ராசாவுக்குப் பின்னால் தொங்கவிட யார் துணி தருவார்கள்? ஆனால் தோட்டங்களில் நாடகம் மட்டும் நிற்கவில்லை. வயிறு காய்ந்தவர்கள் முன்னை விட அதிகமாகக் கேட்டார்கள். திரை இல்லையே என்றால், ஆளாவது வரட்டும் என்றார்கள். ஆளாகப் போன நான், கைக்குக் கிடைத்ததை மேடையில் வைத்துச் சமாளிக்கத் தொடங்கினேன். பட்டறைப் பிள்ளைகளே, நீங்கள் தேடும் உருவகம் பிறந்தது இப்படித்தான்.

எல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் முதல் சோதனை. அரண்மனை இல்லை, சிம்மாசனமும் இல்லை. தேயிலை அடைக்கும் பலகைப் பெட்டி ஒன்றை எடுத்து மேடை நடுவில் வைத்து, ராசாவை அதன் மேல் உட்கார வைத்தேன். ராசா கம்பீரமாகத்தான் உட்கார்ந்தார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குக் காரணம் புரியவில்லை. மேடைக்கு முன்னால் இறங்கி வந்து பார்த்தேன். பெட்டியின் முகத்தில் தேயிலையின் தரத்தை அச்சடித்திருந்தார்கள். டஸ்ட். கடைசித் தூள். சல்லடையில் எல்லாம் போன பிறகு மிஞ்சுவது. அந்த ராசா என்ன ஆணை இட்டாலும் பின்னால் இருந்து ஒருவர், “தூளு சொல்றத யாரு கேக்குறது” என்பார். மறுநாளிலிருந்து ராசாவுக்கு நல்ல தரத்துப் பெட்டி, மந்திரிக்கு அதற்கு அடுத்தது, வில்லனுக்கு டஸ்ட் என்று பார்த்து வைத்தேன். வில்லன் வாய் திறக்கும் முன்பே சனத்துக்கு ஆள் யாரென்று விளங்கிவிட்டது.

காட்டுக்கு ஒரு மரக்கிளை நட்டேன். அது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் காட்சியில் தோட்டத்துக் காவல்காரர் மேடையில் ஏறி, நிழல் மரத்தில் கிளை வெட்டியது யார் என்று விசாரிக்க ஆரம்பித்தார். காட்டில் தவம் செய்துகொண்டிருந்த முனிவர் எழுந்து என்னைக் காட்டிக் கொடுத்தார்.

இப்படிப் பட்டுப் பட்டு நான் கண்டது ஒன்றுதான். மேடையில் வைத்த பொருள் தன் பழைய வேலையை மறப்பதில்லை. நான் பெட்டியைச் சிம்மாசனம் என்று சொல்லலாம். பெட்டி தன்னைப் பெட்டி என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கும். அதன் பழைய வேலை நமக்கு ஒத்தாசையாக வந்தால் நாடகத்தைத் தூக்கிவிடும். குறுக்கே நின்றால் மானம் போகும்.

இதையெல்லாம் நான் பதுளையில் சொல்லும்போது முதலாளி சிரிக்கமாட்டார். ஒரு நாள், “வாங்க சுப்பையா, உக்காருங்க” என்றார். அவருடைய மச்சான் அலுமினியச் சட்டிக் கடை போட இடம் தேடுகிறாராம். கடையை அவரோடு சேர்ந்து சட்டிக் கடையாக மாற்றப் போகிறாராம். எனக்கு அதிலும் வேலை உண்டாம். திரை இல்லாத சீன் கடை ஊரை ஏமாற்றுகிற கடை, அந்தப் பாவம் வேண்டாம் என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்றவன், கடை வாசலில் நின்று அழுதேன். சட்டி விற்பது கேவலமான தொழில் இல்லை. ஆனால் நான் ஒரு கிளையை நட்டு அதைக் காடு என்று முன்னூறு பேரை நம்ப வைத்தவன். சட்டியைச் சட்டி என்று சொல்லி விற்க எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு நாடகத்துக்குத் தாங்கள் நேரில் வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். வரையாததையும் சனம் கடைசி வரை நம்பியிருந்தால் கடை சீன் கடையாகவே இருக்கட்டும். நடுவில் கலைந்தால் திங்கட்கிழமையே சட்டி அடுக்குகிறேன் என்றேன். முதலாளி குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் திருவிழா. பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு மாண்டில் கிடைக்காததால் நாடகம் பகல் இரண்டு மணிக்கு. இடம் பெரட்டுக்களம். காலையில் ஆட்கள் எல்லாம் வந்து நிற்க, கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்து அனுப்புகிற திடல் அது. கதையை எழுதியவர் அந்தக் கணக்கப்பிள்ளைதான். மழையில்லாத நாட்டில் ஒரு ராசா சனங்களோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்து மலையில் ஊற்று வெட்டுகிறார். தண்ணீர் பீறிடுகிற நேரத்தில் பாறை சரிந்து உயிரை விடுகிறார். ராசாவாக நடித்தவன் செல்லமுத்து. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன், நல்ல தோள்கள், வெண்கலக் குரல்.

நான் ஞாயிறு காலையே போய் மேடை கட்டிக்கொண்டிருந்தேன். எங்களிடம் எஞ்சியிருந்த ஒரே திரையையும் கொண்டு போயிருந்தேன். கேளுங்கள் வேடிக்கையை. ஐந்தில் மிஞ்சியது சுடுகாடு மட்டும். எலியும் தொடவில்லை, மாடும் தொடவில்லை. ராசா சாகும் காட்சியில் அதை இறக்கினால் முதலாளிக்கும் மனம் குளிரும் என்பது என் கணக்கு.

அதை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா வந்து நின்றார். செல்லமுத்துவின் தாய் ராக்கம்மா. கொழுந்து பறிக்கிறவர், ஒல்லியான உடம்பு, வெற்றிலை வாய். திரையில் எரிகிற சிதையையும் மண்டையோடுகளையும் நிதானமாகப் பார்த்தார்.

“தம்பி, எம்மவன் ராசாவா நடிக்கட்டும், மந்திரியா நடிக்கட்டும். மேடையில படுக்கக் கூடாது. இது அம்மன் திருவிழா. இந்த சீலையும் இங்க தொங்கக் கூடாது.”

இரண்டு வருடம் முன்னால் இதே திருவிழாவில் பிணமாகப் படுத்து நடித்த ஒருவர் அடுத்த மாதமே காய்ச்சலில் விழுந்து, பிழைத்ததே பெரும்பாடாம். அவருக்கு மூன்று அண்ணன் தம்பி இருந்தார்கள், எனக்கு இவன் ஒருத்தன்தான் என்றார். ராசா சாகாவிட்டால் கதையே இல்லை அக்கா என்றேன். அப்படியானால் மகனை வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன், ராசா இல்லாமல் போடுங்கள் என்றார். அவர் சத்தம் போடவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

நான் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். மேடையில் ஒரு குத்துவிளக்கை வைத்து, அதை அணைத்துக் காட்டலாமா? அபசகுனம் என்றார். கிரீடத்தைக் கீழே வைத்துக் காட்டலாமா? தலையில் இருந்து இறக்குவது தலை விழுந்த மாதிரி, வேண்டாம் என்றார். வெறும் நாற்காலி? அதில் மாலை போடத் தோன்றும் என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. உங்கள் தோட்டத்தில் ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டார் என்பது உங்களுக்கு எப்படித்தான் தெரியவரும், அதையாவது சொல்லுங்கள் என்று வெடுக்கென்று கேட்டேன்.

“எப்புடித் தெரியும்? பெரட்டுல பேரு கூப்புடுவாங்க. ஆளு இருக்காது” என்றார்.

என் கையில் இருந்த கயிறு நழுவிக் கீழே விழுந்தது. அக்கா, அதையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கணக்கப்பிள்ளை மேடையில் நின்று ஊற்று வெட்டப் போகும் ஆட்களின் பெயரைக் கூப்பிடுவார். ஒவ்வொருவரும் குரல் கொடுப்பார்கள். ராசாவின் பெயரைக் கூப்பிடும்போது பதில் வராது. அவ்வளவுதான். படுக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். பெரட்டுக்கு வராதவனெல்லாம் செத்தவன் இல்லை, தடிமன் காய்ச்சலாகவும் இருக்கலாம் என்று தன் மனதுக்கே சொல்லிக்கொண்டு சம்மதித்தார்.

கணக்கப்பிள்ளைக்கு யோசனை மிகவும் பிடித்துவிட்டது. பெயர் கூப்பிடுகிற ஆளாகத் தானே நிற்பதாகச் சொன்னார். கையில் பிடிக்க ஏதாவது ஒரு நோட்டுக் கொப்பி கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லி வைத்தேன். சுடுகாட்டைச் சுருட்டிக் கட்டி ஓரமாக வைத்தேன்.

பன்னிரண்டு மணி ரயிலில் முதலாளி வந்து சேர்ந்தார். மேடையைப் பார்த்தார். பின்னால் திரை இல்லை, மலைதான் இருந்தது. முன்னால் ஒரு தேயிலைப் பெட்டி, ஐந்தாறு மண்வெட்டிகள். ஒன்றும் சொல்லாமல் முன் வரிசையில் போட்ட நாற்காலியில், குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ராக்கம்மா அவருக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தார்.

நாடகம் பிடித்துக்கொண்டது. மண்வெட்டி மேலே எழுவதும் விழுவதும் எல்லாருக்கும் உடம்பில் ஊறிய வேலை. சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பாறை சரிகிற இடத்தில் பின்னால் அடுக்கியிருந்த வெறும் பெட்டிகளை உருட்டிவிட்டேன். செல்லமுத்து நான் சொல்லிவைத்தபடி ஓடிவந்து மேடைக்குப் பின்னால் ஓலைத் தட்டி மறைவில் என் பக்கத்தில் நின்றுகொண்டான். அந்த நேரம் பார்த்துக் கீழே பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவந்தது. பகல் மூன்றரை மணி, விடியற்காலை மாதிரி ஆகிவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் இப்படி ஒரு திரை வரைய முடியாது.

கணக்கப்பிள்ளை மேடைக்கு வந்தார். கையில் கொப்பி. எட்டிப் பார்த்த எனக்குப் பகீர் என்றது. அது வெறும் கொப்பி இல்லை. மரியாதையாக இருக்கட்டும் என்று நிஜமான செக்ரோலையே கொண்டுவந்துவிட்டார். தோட்டத்தில் இருக்கிற எல்லா ஆளின் பெயரும், வேலை செய்த நாளும் பதிகிற புத்தகம். அவர் நிற்பது தினம் நிற்கிற இடம். முன்னால் இருப்பது தினம் நிற்கிற சனம். மேலே அதே பனி. அவர் புத்தகத்தை விரித்தார், வாய் தன்பாட்டில் கூப்பிடத் தொடங்கிவிட்டது.

“மாயாண்டி.”

சனத்தின் நடுவிலிருந்து மாயாண்டி என்கிற மாயாண்டியே எழுந்து, “இருக்கேங்க” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை நிமிரவில்லை. அடுத்த பெயர், அடுத்த பெயர். திடலின் மூலை முடுக்கெல்லாம் இருந்து ‘இருக்கேங்க, இருக்கேங்க’ என்று பதில் வருகிறது. பத்தாவதோ பதினோராவதோ, அவர் வாயில் வந்தது, “ராக்கம்மா மகன் செல்லமுத்து.”

மூன்று பக்கத்திலிருந்து மூன்று குரல்கள் ஒரே நேரத்தில், “இருக்கானுங்க” என்றன.

இதை விளக்க வேண்டும். பெரட்டுக்கு ஒரு ஆள் பிந்திவிட்டால் பக்கத்து ஆள் அவனுக்காகக் குரல் கொடுப்பது தோட்டத்து வழக்கம். பெயர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். இன்றைக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு. யோசித்துச் செய்வதில்லை, வாய் தானாகவே சொல்லும். கணக்கப்பிள்ளைக்கும் அது தெரியும், கண்டுபிடித்தால் கோபமும் வரும். இப்போதும் வந்தது. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, ஆளில்லாமல் யார் குரல் கொடுத்தது என்று அதட்டினார். மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நடிக்கவில்லை, நிஜமாகவே பயந்தார்கள். பின்னால் இருந்த ஒரு கிழவர் சமாதானம் பேச வந்தார்.

“பிந்தி வருவான்யா. ஒரு அரைப்பேராவது போடுங்க.”

அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம். திடலே அதைப் பிடித்துக்கொண்டது. அரைப்பேர் போடுங்க, அரைப்பேர் போடுங்க என்று பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். உயிர் போன ராசாவுக்கு அரை நாள் சம்பளம் கேட்டு ஒரு தோட்டமே வாதாடுகிறது. கணக்கப்பிள்ளை முடியாது என்கிறார். சனம் சிரித்துச் சிரித்து ஒருவர் மேல் ஒருவர் சாய்கிறது. இங்கே மேடைக்குப் பின்னால் செல்லமுத்து என் கையைப் பிடித்து இழுக்கிறான்.

“அண்ணே, நெசமாவே பேர வெட்டிப்புடுவாரு. விடுங்க, நான் போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன்.”

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையடா மடையா, வேலையே இல்லை என்று அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கிரீடம் என் மூக்கில் இடித்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, கண்ணில் தண்ணீரும் வருகிறது. ஏனென்றால் தட்டியின் சந்து வழியாகப் பார்க்கிறேன், முதலாளி எழுந்துவிட்டார். குடையை உதறி விரிக்கிறார். நாடகம் கலைந்துவிட்டது. என் மனக்கண்ணில் அலுமினியச் சட்டிகள் வரிசை வரிசையாக வந்து நின்றன.

அப்போது ராக்கம்மா எழுந்தார். எழுந்ததும் சனம் அடங்கியது. பெற்ற தாய் அரைப்பேருக்குப் பேச வருகிறார் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கணக்கப்பிள்ளையை நேராகப் பார்த்தார்.

“ஐயா, எம்மவன் செல்லமுத்துக்கு முழுப் பேரு போடுங்க. அவன் வந்துட்டான், பின்னாலதான் நிக்கிறான். நீங்க ராசாவக் கூப்புடுங்க. ராசாதான் வரமாட்டாரு.”

சொல்லிவிட்டு அவர் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தார். காலையில் மகனின் கிரீடத்தைக் கீழே வைக்கக்கூட விடாதவர். மகன் வேறு, ராசா வேறு என்று அந்தத் திடலில் முதலில் பிரித்தது அவர்தான். கொள்கை பேசுகிற முதலாளி பிரிக்கவில்லை, பெட்டி வைக்கிற நான் பிரிக்கவில்லை, கதை எழுதிய கணக்கப்பிள்ளையும் பிரிக்கவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

கணக்கப்பிள்ளை செக்ரோலைப் பார்த்தார். தன் கையில் இருப்பது என்னவென்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மெதுவாக மூடி, கக்கத்தில் வைத்துக்கொண்டார். வெறும் கையோடு, பனியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“ராசா.”

யாரும் பேசவில்லை. இரண்டாவது தரம் கூப்பிட்டார். ஒரு குழந்தை இருமியது, தாய் அதன் வாயைப் பொத்தினாள். அரைப்பேருக்கு வாதாடிய கிழவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். மூன்றாவது தரம் கூப்பிடும்போது கணக்கப்பிள்ளையின் குரல் உடைந்தது. அத்தனை பேர் இருந்த திடலில், தினம் ஒருவருக்காக ஒருவர் பொய் சொல்லிப் பழகிய அத்தனை வாய்களில், ஒன்று கூட ராசாவுக்காகத் திறக்கவில்லை. மண்வெட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக மண்வெட்டியைத் தோளில் வைத்து, பெரட்டுக் கலைந்து வேலைக்குப் போவது போலப் பனிக்குள் நடந்து போனார்கள். ராக்கம்மா அழுதார். அவரைத் தொட்டுப் பெண்கள் எல்லாரும் அழுதார்கள். நான் செல்லமுத்துவின் இடுப்பை விட மறந்து நின்றேன். அவனும் அழுதுகொண்டிருந்தான். உனக்கு என்னடா, நீதான் செத்தது என்றேன். அண்ணே, நல்ல ராசா என்றான்.

முதலாளி விரித்த குடையோடு நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். மழை இல்லை. சனம் கலைந்த பிறகுதான் குடையை மடக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்தார். வருவதற்குள் செல்லமுத்து பசி என்று எங்கோ போய்விட்டான். முதலாளி சுருட்டி வைத்திருந்த சுடுகாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மச்சான் சட்டிக் கடைக்கு வேற எடம் பாக்கட்டும்” என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை, ஆனால் கவனம் என்னிடம் இல்லை. கண் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

“அந்தப் பொடியன் எங்க?”

சாப்பிடப் போயிருப்பான் முதலாளி, ரயிலுக்கு நேரமாகிறது, போகலாம் என்றேன்.

“ரயில் கெடக்கட்டும். பொடியன உசுரோட காட்டு.”

லயத்துப் பக்கம் கூட்டிப் போனேன். ராக்கம்மா எங்களுக்கு முன்பே அங்கே இருந்தார். செல்லமுத்து வாசல் கல்லில் உட்கார்ந்து, கிரீடத்தைக் கழற்றாமலே, தேங்காய் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தாய் பக்கத்தில் நின்று அவன் தோளில் ஒரு கையை வைத்திருந்தார். ராசா வேறு மகன் வேறு என்று ஊருக்குச் சொன்னவர், அந்தக் கையை எடுக்கவே இல்லை. முதலாளி அவனை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். பிறகு எழுந்து கொஞ்சம் நடக்கச் சொன்னார். செல்லமுத்து வாயில் ரொட்டியோடு அம்மாவைப் பார்த்தான். அவர் தலையாட்டினார். அவன் எழுந்து நாலு எட்டு நடந்து காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். அதன் பிறகுதான் முதலாளி ஸ்டேசனுக்குக் கிளம்பினார்.